பிழையே இல்லாத பிரெஞ்சுக் கட்டுரை வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்

சென்னையில் பிளஸ் டூ வரை பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் பலர் மதிப்பெண்ணுக்காகத்தான் எடுக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. நுங்கம்பாக்கத்திலுள்ள பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதப் போகும்போதுதான் சிக்கல் தெரிகிறது. இடைநிலையான பி1 தேர்வின் எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில் குறைந்தது 160 சொற்கள், அதற்கு அடுத்த நிலையான பி2வில் ஒரு மணி நேரத்தில் 250. போன் கிடையாது, அகராதியும் கிடையாது.

வீட்டில் எழுதிக்கொண்டு வரும் கடிதத்தில் சப்ஜோங்க்டிஃப் என்ற கடினமான வினை வடிவம்கூடக் கச்சிதமாக இருக்கும். அதே பிள்ளையை வகுப்பில் தாளில் எழுதச் சொன்னால் 'நேற்று போனேன்' என்பதற்கே தடுமாறும். காரணம் சோம்பல் மட்டும் இல்லை. போன, போக, போங்கள், பெண்பாலில் 'போன' என்று பிரெஞ்சில் நான்கு விதமாக எழுதுவது எல்லாம் காதுக்கு ஒரே 'அலே'தான். எது எங்கே என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்டோகரெக்ட் அந்த முடிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால், பிள்ளைக்கு அங்கே ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.

செயலிக்கும் எல்லாம் தெரியாது. 'நான் போனேன்' என்று ஒரு பெண் எழுதினால் கடைசியில் ஓர் 'e' எழுத்து கூட வேண்டும். எழுதுவது பெண் என்று செயலிக்கு யார் சொன்னது? இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு நீ, நீங்கள் வித்தியாசம் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே தெரியும். ஆனால் தமிழில் யோசித்ததை ஆங்கிலத்தில் தட்டி டீப்எல் என்ற மொழிபெயர்ப்புச் செயலிக்குக் கொடுக்கிறார்கள். இரண்டும் 'யூ' ஆகிவிடுகிறது. பிரெஞ்சில் 'து' (நீ) வருமா 'வூ' (நீங்கள்) வருமா என்பது அப்புறம் செயலியின் ஊகம். தலைமையாசிரியருக்கு 'து' போட்ட கடிதங்களைத் திருத்தியிருக்கிறேன்.

அதற்காகக் கருவிகளே வேண்டாம் என்பவன் இல்லை நான். எந்தக் கட்டத்தில் உள்ளே விடுகிறோம் என்பதுதான் விஷயம். முதல் வரைவு கூகுள் டாக்ஸில், எழுத்துப்பிழைப் பரிந்துரைகளை அணைத்துவிட்டு. நான் திருத்த மாட்டேன். பால் பொருத்தமா, காலமா என்று கமென்டில் மட்டும் குறிப்பேன். அவர்களே மாற்றிய பிறகுதான் போன்பத்ரோன் மாதிரி, பிழை இருக்கும் இடத்தைக் காட்டி ஏன் என்று குறிப்பு கொடுக்கும் கருவி. சாட்ஜிபிடியிடம் போவதென்றால் "திருத்தாதே, இடத்தை மட்டும் காட்டு" என்று கேட்கச் சொல்கிறேன். ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகளில் அதுவும் வேண்டாம்.

எப்போது என்ன மாற்றினார்கள் என்று கூகுள் டாக்ஸ் சேமித்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திருடனைப் பிடிக்கும் கேமரா ஆக்காதீர்கள். ஒரு பத்தி எப்படி மாறி மாறி வந்தது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல வசதி இல்லை. பெற்றோரும் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் முதல் வரைவைக் காட்டச் சொல்லலாம்.

சின்ன விஷயம் ஒன்று: போனில் பிரெஞ்சு கீபோர்டு சேர்த்தால் எழுத்துகள் இடம் மாறிய அஸெர்ட்டி அமைப்பு வந்து விரல் குழம்பும். அமைப்புகளில் வழக்கமான குவெர்ட்டியை வைத்துக்கொண்டு 'e' எழுத்தை அழுத்திப் பிடித்தால் போதும், அதன் ஆக்சன்ட் (மேலே குறியிடும்) வகைகள் எல்லாம் வரும்.

தேர்வு நெருங்கியதும் திரையை மூடிவிட்டுத் தாளும் பேனாவும்தான். சொல் எண்ணும் விதியையும் அப்போதே பழக்கிவிடுங்கள்: இரண்டு இடைவெளிக்கு நடுவே இருப்பது ஒரு சொல், 'செ-த்-ஆ-திர்' (அதாவது) எத்தனை நீளமாக இருந்தாலும் ஒன்றுதான்.