'பல்துறை' வேறு, 'துறையிடை' வேறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களுக்கு எப்படிப் பதவி உயர்வு தருகிறார்கள் என்று தமிழில் எழுத வருபவர்கள், இண்டர்டிசிப்ளினரி என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'பல்துறை' என்று போட்டுவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

இண்டர் என்றால் இடையே. டிசிப்ளின், மாணவனைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கு உறவு; இங்கே கல்வித்துறை. இரண்டையும் சேர்த்தால் துறையிடை, அவ்வளவுதான்.

பல்துறை என்பது மல்டிடிசிப்ளினரி. துறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றோடொன்று பேச வேண்டியதில்லை. போதாததற்கு, 'பல்துறை வித்தகர்' என்று பொன்னாடை போர்த்தியே பழகிய நமக்கு, பாட்டும் பேச்சும் கைவந்த ஒருவர்தான் நினைவுக்கு வருவார். பதவி உயர்வில் அவருக்கு என்ன சிக்கல் வரப்போகிறது? சிக்கல் எல்லாம் இரண்டு துறைகளுக்கு நடுவே நிற்பவருக்குத்தான். பொருளியலில் கட்டுரையாசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். உயிரியலிலோ கடைசிப் பெயர் வழக்கமாக ஆய்வகத் தலைவருடையது. இரண்டிலும் கால் வைத்தவரின் கட்டுரைப் பட்டியலைப் பொருளியல்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கடைசி இடத்தின் மதிப்பு எப்படித் தெரியும்? கணினியியலில் மாநாட்டுக் கட்டுரை பெரிது, வரலாற்றில் புத்தகம் பெரிது. பதவி உயர்வுக்காக வேறு பல்கலைக்கழக அறிஞர்களிடம் வாங்கும் மதிப்பீட்டுக் கடிதத்தை எந்தத் துறைக்காரரிடம் கேட்பது என்பதிலேயே தகராறு. அதனால்தான் இரு துறைகளுக்கும் பொதுவாக ஒருவரை எடுக்கும்போதே, தாய்த்துறை எது, யார் எதை மதிப்பிடுவது என்று பல இடங்களில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். 'பல்துறை' என்று எழுதினால் இவ்வளவு தகராறும் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது.

'இடைத்துறை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இடைத்தேர்தல், இடைவேளை மாதிரி நடுவில் வந்து போகிற ஏதோ ஒரு துறை போல இருக்கிறது. துறையிடை போதும். புரியாது என்று பயந்தால் 'துறைகளுக்கிடையிலான' என்று நீட்டியே எழுதுங்கள், குடி முழுகிவிடாது.

அப்புறம் இந்த டென்யூர். அதைப் 'பதவிக்காலம்' என்கிறார்கள்! பதவிக்காலம் என்றால் ஒருநாள் முடியும். டென்யூர் கிடைத்தவரையோ தக்க காரணமோ கடும் நிதி நெருக்கடியோ இல்லாமல் நீக்க முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகள் சங்கமும் 1940இல் ஒப்புக்கொண்ட கொள்கை அறிக்கை, டென்யூருக்கு முந்தைய தகுதிகாண் காலம் 7 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்கிறது. 'பதவிக்காலம்' என்று படிப்பவர், அந்த 7 ஆண்டு வேலையைத்தான் டென்யூர் என்று நினைத்துக்கொள்வார். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை ஒட்டிவிட்டுப் போகாமல், 'நிலைப்பணி' என்று எழுதினால் என்ன?