ஃபுட்ஷெட்: தமிழில் எப்படிச் சொல்வது?

நகரத் திட்டமிடல் பற்றிப் படிப்பவர்கள் கண்ணில் எப்படியும் படும் சொல் ‘ஃபுட்ஷெட்’. கார் ஷெட், சைக்கிள் ஷெட் என்று பழகிய நமக்கு ஏதோ தானியக் கொட்டகை என்று தோன்றும். அதுவல்ல. ஓர் ஊர் சாப்பிடுவது எந்தெந்த நிலத்தில் விளைந்து வருகிறதோ, அந்தப் பரப்பு முழுவதுக்கும் இந்தப் பெயர்.

இந்த ‘ஷெட்’ வந்தது ‘வாட்டர்ஷெட்’டிலிருந்து. பிரித்தல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வேர். மழைநீரை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துவிடும் மேட்டைத்தான் முதலில் வாட்டர்ஷெட் என்றார்கள். பிறகு நீர் வடிந்து சேரும் பகுதிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை உணவுக்குப் பொருத்தியவர் நியூயார்க் துறைமுக நிர்வாகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெடன். 1921-ல் அமெரிக்காவில் ரயில்கள் நின்றுவிடும் போலிருந்தபோது, நகரத்துக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்தது. 1929-ல் வந்த அவருடைய நூலில் இந்தச் சொல் இருக்கிறது. மழைத்துளியைத் திருப்புவது நிலத்தின் மேடு, உணவைத் திருப்புவது பெரும்பாலும் காசு என்பது அவர் வாதம். அப்புறம் நெடுங்காலம் யாரும் சீண்டவில்லை. 1990-களில்தான் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது.

சரி, தமிழில்? ‘செம்பரம்பாக்கத்துக்கு நீர்வரத்து அதிகரிப்பு’, ‘கோயம்பேட்டுக்குத் தக்காளி வரத்து குறைவு’ என்று நம் செய்தித்தாள்கள் ஏரிக்கும் சந்தைக்கும் ஒரே சொல்லைத்தான் எழுதுகின்றன. ஹெடன் யோசித்துப் பிடித்த ஒப்புமை நம் மண்டிக்காரர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்குகிறது. அதனால் ‘உணவு வரத்துப் பகுதி’ என்பேன்.

சென்னையின் வரத்துப் பகுதி பெரியது. தக்காளி கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும், பெரிய வெங்காயம் நாசிக்கிலிருந்தும் வருகின்றன. இரவெல்லாம் கோயம்பேட்டில் லாரிகள் சரக்கு இறக்க, விடிவதற்குள் கடைக்காரர்கள் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் கீரை மட்டும் வேறு ஜாதி. ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாலும் வெயில் ஏறினால் அரைக்கீரைக் கட்டு தலை தொங்கிவிடும். அது பக்கத்தில் விளைந்தாக வேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்து வயல்கள் மனைகளாகிவிட்டால் கீரைக்காரருக்கு நாசிக் உதவாது.

திட்டமிடலுக்கு வேலை இங்கேதான். 2008-ல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு வைத்தது. வேளாண் பகுதி என்று ஒரு வகையும் அதில் உண்டு. ஆனால் அந்த நிலத்தை வீட்டுமனைக்காக வகை மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. குடிநீர் வரும் இடத்துக்குக் காட்டும் கண்டிப்பைக் கீரை வரும் இடத்துக்கும் காட்டினால் என்ன?

நிலம் மட்டுமல்ல, சந்தை எங்கே இருக்க வேண்டும் என்பதும் திட்டமிடுபவர் கையில்தான். ஜார்ஜ் டவுனின் சந்துகளில் நெரிந்துகொண்டிருந்த கொத்தவால் சாவடி மொத்தக் காய்கறி வணிகத்தை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றியது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். நெரிசல் தீர்ந்தது உண்மை. ஆனால் எல்லா வரத்தும் ஒரே மதகு வழியாக என்றாகிவிட்டது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டபோது காய்கறிக்குத் திருமழிசை, பழத்துக்கும் பூவுக்கும் மாதவரம் என்று அவசர அவசரமாக இடம் தேட வேண்டியிருந்தது.

‘உணவு மண்டலம்’ என்றும் சிலர் எழுதலாம். மாநகராட்சி மண்டலங்களோடு குழம்பும்; போதாததற்கு, உயிரியல் பாடத்தில் அது குடலையும் இரைப்பையையும் குறிக்கும். ‘உணவுப் படுகை’ காதுக்கு இனிமை. ஆனால் படுகை என்றால் ஆற்றோரம்தான் மனதில் வரும். கோலார் தக்காளிக்கு அது பொருந்தாது.