ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாடு சேர என்னென்ன வேண்டும்?

2011-ல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் எல்லாம் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தன. வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. மாநில அரசு ஆணை போட்டது, காரியம் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி ஆணை போட யாரும் இல்லை. உள்ளே இருக்கும் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். நம்மூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிபந்தனைகளை மனப்பாடம் செய்துவிட்டு, இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தகுதி, ஐரோப்பிய நாடாக இருக்க வேண்டும். 1987-ல் மொராக்கோ விண்ணப்பித்தபோது இந்தக் காரணத்தைச் சொல்லியே மறுத்தார்கள். மற்றவை 1993-ல் கோபன்ஹேகனில் வகுத்தவை: மக்களாட்சியும் சட்டத்தின் ஆட்சியும் மனித உரிமையும் சிறுபான்மையினர் பாதுகாப்பும் உறுதியாக நிலைபெற்றிருக்க வேண்டும், போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம் வேண்டும், ஒன்றியத்தின் சட்டங்களையெல்லாம் ஏற்று நடத்தும் திறன் வேண்டும்.

கடைசியாகச் சொன்ன அந்தத் திறன்தான் பல்லை உடைக்கும். அந்தச் சட்டங்களை 35 அத்தியாயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மீன்பிடிப்பு, உணவுப் பாதுகாப்பு, அரசுக் கொள்முதல், நீதித்துறை என எதுவும் பாக்கியில்லை. சட்டம் இயற்றினால் மட்டும் போதாது, அது நடைமுறையில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நீதித்துறை, அடிப்படை உரிமை சார்ந்த அத்தியாயங்களை முதலில் திறந்து, அதாவது பேச்சைத் தொடங்கி, கடைசியில்தான் மூடுவார்கள். இது நல்ல ஏற்பாடு என்பேன். நீதிமன்றம் சரியில்லாத நாட்டில் மற்றச் சட்டங்கள் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஒவ்வோர் அத்தியாயத்தைத் திறக்கவும் மூடவும் எல்லா நாடுகளும் ஒப்ப வேண்டும். ஒரு நாடு தலையசைக்காவிட்டால் எல்லாம் நின்றுவிடும். வடக்கு மாசிடோனியா 2005-லேயே வேட்பாளர் நாடு ஆனது, அதாவது சேரும் வரிசையில் ஏற்கப்பட்டது. மாசிடோனியா என்ற பெயரே கூடாது என்று கிரேக்கம் பல ஆண்டுகள் மறித்தது. 2019-ல் நாட்டின் பெயரையே மாற்றினார்கள். அடுத்த ஆண்டே மொழியையும் வரலாற்றையும் காட்டி பல்கேரியா மறித்தது. 2022-ல் பேச்சு தொடங்கியபோதும், அரசியல் சாசனத்தில் பல்கேரியரைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. சொந்தப் பெயரையே விட்டுக்கொடுத்த நாட்டை இப்படி இழுத்தடிப்பது அநியாயம். துருக்கியின் பேச்சுவார்த்தையோ 2005-ல் தொடங்கி 2018-லிருந்து அசையாமல் கிடக்கிறது.

எல்லா அத்தியாயங்களும் முடிந்தால் சேர்க்கை ஒப்பந்தம். ஐரோப்பிய நாடாளுமன்றம் இசைய வேண்டும். ஒவ்வோர் உறுப்பு நாடும் தன் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். சேரும் நாடு பெரும்பாலும் தன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தும். நார்வே மக்கள் 1972-லும் 1994-லும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குரோஷியா 2003-ல் விண்ணப்பித்து 2013 ஜூலை 1-ல் சேர்ந்தது. யூரோ நாணயம் அங்கே 2023-ல்தான் வந்தது.