புதிய காருக்கு எது கட்டாயம், எது நம் விருப்பம்? விதிகள் சொல்வது இதுதான்

புதிய கார் வாங்கப் போகிறவர் கையில் ஷோரூமில் ஒரு விலைப்பட்டியல் தருவார்கள். கார் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு என்று இறங்கிவரும் அந்தப் பட்டியலின் அடியில் ‘அத்தியாவசியப் பொருட்கள்’ என்று ஒரு வரி இருக்கும். மேட், சீட் கவர், மட் பிளாப், பாடி கவர், கதவுக்கு மேல் ஒட்டும் வைசர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. “எல்லோரும் வாங்குவதுதான் சார், இது இல்லாமல் டெலிவரி தர முடியாது” என்பார்கள். பணம் கட்டும் அவசரத்தில் பலரும் அதைச் சட்டம் என்றே நம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் எந்தச் சட்டமும் உங்களிடம் சீட் கவர் கேட்கவில்லை. சட்டம் கேட்கும் பொருட்களோ வேறு. அவற்றில் பெரும்பாலானவை காருடனேயே வந்தாக வேண்டியவை. அவற்றுக்கான பணத்தைக் கார் விலையிலேயே நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதன் கீழ் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989. இந்த இரண்டும்தான் அடிப்படை. விதிகளில் 138ஆம் எண்ணைக் கார் வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கருவிப் பெட்டி, ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை காருடன் இருக்க வேண்டும் என்பது அங்கிருந்து வருகிறது. டெலிவரி நாளில் மாலை போட்டுப் படம் எடுக்கும் முன் டிக்கியைத் திறந்து இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் தம்பியின் புதுக் காரில் முதல் பஞ்சர் இரவு பதினோரு மணிக்கு, ஊருக்கு வெளியே நடந்தது. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கியும் இருந்தது. ஜாக்கியைச் சுழற்றும் கைப்பிடி மட்டும் இல்லை. டெலிவரி தாளில் ‘கருவிகள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்’ என்ற கட்டத்துக்கு நேராக அவன் கையெழுத்து இருந்ததால், மறுநாள் கேட்டபோது டீலரிடம் பதில் கிடைக்கவில்லை.

அதனால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஜாக்கி, அதன் கைப்பிடி, வீல் நட்டைக் கழற்றும் ஸ்பேனர், இழுவைக் கொக்கி ஆகிய நான்கும் காரின் கையேட்டில் எந்த இடத்தில் இருப்பதாகப் போட்டிருக்கிறதோ அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். வீல் நட்டுக்குப் பூட்டு வைத்த கார் என்றால், அதற்கான தனிச் சாவியையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மெக்கானிக்காலும் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

ஸ்டெப்னி இல்லாத கார்களும் இப்போது வருகின்றன. அது ஏமாற்று அல்ல. 2020 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் காரில், டியூப்லெஸ் டயரும், டயர் காற்றழுத்தத்தைக் கண்காணித்துச் சொல்லும் அமைப்பும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை. அப்படிப்பட்ட காரை வாங்கினால் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: கிட்டில் வரும் பசைத் திரவம் ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும், டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் எதுவும் செய்யாது. அந்தக் குப்பிக்குக் காலாவதித் தேதியும் உண்டு. நீண்ட தூரம், ஆள் நடமாட்டமில்லாத சாலைகளில் அடிக்கடி போகிறவர் என்றால் ஸ்டெப்னி உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

எச்சரிக்கை முக்கோணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அதைப் பிரிக்காமலேயே பல கார்கள் பத்து வருடம் ஓடி முடிக்கின்றன. பழுதாகி ஓரத்தில் நிற்கும் காரின் மீது பின்னால் வரும் லாரி மோதும் விபத்துகளைச் செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். பயணிகளைச் சாலைத் தடுப்புக்கு வெளியே அனுப்புங்கள். முக்கோணத்தை உடம்புக்கு முன்னால் பிடித்தபடி ஓரமாகப் பின்னோக்கி நடந்து, குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்கள்; வேகம் அதிகமான நெடுஞ்சாலையில் இன்னும் தள்ளி. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம். வீட்டில் ஒருமுறை அந்த முக்கோணத்தைப் பிரித்து நிறுத்திப் பழகுங்கள், இருட்டில் முதன்முறையாகப் பழக வேண்டாம்.

கட்டாயமில்லாவிட்டாலும் நான் வாங்கச் சொல்லும் பொருள் தீயணைப்பான். சொந்தக் காருக்கு அதை விதி கேட்கவில்லை. ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சிறிய ஏ.பி.சி. பவுடர் வகை ஒன்று ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருப்பது நல்லது. டிக்கியின் அடியில் கிடக்கும் தீயணைப்பான் நெருப்பு வந்த நேரத்தில் உதவாது.

இனி, காரிலேயே இருக்கும் பொருளை மீண்டும் விற்கும் வழக்கம். 2019 ஜூலை 1 முதல் விற்பனைக்கு வரும் கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டி, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் எச்சரிக்கை, பின்பக்கப் பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். எனவே எவ்வளவு மலிவான மாடலானாலும் ரிவர்ஸ் சென்சாருக்கு நீங்கள் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. கேமரா மட்டுமே விருப்பம். பாஸ்டேகும் இப்படித்தான். 2017 டிசம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய நான்கு சக்கர வாகனங்களில் அதை உற்பத்தியாளரோ டீலரோ ஒட்டித் தர வேண்டும். உயர் பாதுகாப்பு எண் பலகை 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வாகனங்களுக்கு உண்டு. முன், பின் பலகைகளோடு கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் மூன்றாவது ஸ்டிக்கரும் சேர்ந்ததுதான் முழுத் தொகுதி. அந்த ஸ்டிக்கரின் நிறம் பெட்ரோல், சி.என்.ஜி. காருக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு, மற்றவற்றுக்குச் சாம்பல். நிறம் மாறி ஒட்டியிருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

விற்பனைக்குக் கிடைப்பதாலேயே ஒரு பொருள் சட்டப்படி சரியென்று ஆகிவிடாது. சீட் பெல்ட் போடாமலேயே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் சிறிய கிளிப் ஒன்று உண்டு. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு அதை நீக்க உத்தரவிட்டது. பெல்ட் பிடித்து நிறுத்தாத உடல் மீது ஏர்பேக் வெடித்து விரிந்தால், காக்க வேண்டிய பையே காயப்படுத்தும். யார் இலவசமாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.

பம்பருக்கு முன் பொருத்தும் இரும்புக் கம்பி அமைப்பும் அதே வகை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இது சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று மாநிலங்களுக்கு எழுதி, நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நடந்து போகிறவர் மீது மோதினால் காயம் மிகும். மோதலின் விசையைக் கார் உள்வாங்கும் விதமும் மாறிவிடும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. பல சுரத்தில் ஒலிக்கும் ஹாரனும் கூடாது.

கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிம் பற்றித்தான் குழப்பம் அதிகம். விதி 100 முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஒளியை விட்டாலும் கண்ணாடி மேல் பிலிம் ஒட்டக் கூடாது என்றது. பின்னர் அந்த விதி திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை வைத்து 2024இல் கேரள உயர் நீதிமன்றம், அதே 70, 50 அளவுக்குள் அடங்கும் தரநிலை பிலிம்களுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மற்ற மாநிலங்களில் அதைச் சாலையில் நின்று வாதாட வேண்டிவரும். வெயிலுக்கு, நிறுத்தியிருக்கும்போது மட்டும் முன்கண்ணாடியில் வைக்கும் மடிப்புத் திரையே தொல்லையில்லாதது.

குழந்தை உள்ள வீட்டில் முதலில் வாங்க வேண்டியது குழந்தை இருக்கை. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், மடியில் வைத்திருக்கும் குழந்தையைத் திடீர் பிரேக்கில் எந்தக் கையாலும் பிடித்துவைக்க முடியாது. பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் செயல்படும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. சீட் கவர் போடுவதானால், இருக்கையின் ஓரத்திலிருந்து பக்க ஏர்பேக் விரியும் கார்களுக்கு அதற்கேற்ற கவர் வேண்டும், சாதாரணக் கவர் அதை மறித்துவிடும். மேட் மேல் மேட் போட்டு அது ஆக்சிலரேட்டர் மிதியில் சிக்குவதும் உயிருக்கு ஆபத்து. போன் ஸ்டாண்டு வாங்கலாம்; ஓட்டும்போது வழிகாட்டலுக்கு மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதி அனுமதிக்கிறது.

ஆவணங்களைக் காரில் கட்டாக வைத்திருக்கத் தேவையில்லை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள பதிவுச் சான்றும் உரிமமும் செல்லும். புகைச் சான்று பதிவான நாளிலிருந்து ஓராண்டு முடிந்த பிறகே தேவை.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது நம் காரால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டை, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கே; அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மூன்றாண்டுக் காகிதம் கையில் இருக்கிறதே என்று இருந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் மோதிய பிறகு விழித்துக்கொள்பவர்கள் உண்டு. பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, கேமரா போன்றவற்றைக் காப்பீட்டாளரிடம் தெரிவித்துச் சேர்க்காவிட்டால் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பில் கேளுங்கள். வயரை வெட்டி இணைக்கும் வேலை உத்தரவாதத்தையும் பாதிக்கும்.

சரி, “ஆக்சசரீஸ் எடுத்தால்தான் கார்” என்று டீலர் பிடிவாதமாக நின்றால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(41), ஒரு பொருளை வாங்க வேறொரு பொருளை வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. அதன் மேல் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. வாக்குவாதம் வேண்டாம். “இந்தப் பொருட்கள் எனக்கு வேண்டாம், இவை இல்லாமல் விலைப்பட்டியல் தாருங்கள்” என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே பட்டியல் மாறிவிடும். மாறாவிட்டால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அதே செய்தியை அனுப்புங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள்.

அவசரத்தில் பணம் கட்டிவிட்டவர்களும் கேட்கலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு தரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கட்டணம், 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முன்பதிவு ரசீது, முதலில் தந்த விலைப்பட்டியல், இறுதி பில், வாட்ஸ்அப் உரையாடலின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். விலைப்பட்டியலைக் கையால் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். டீலரின் பெயரும் தேதியும் அச்சிட்ட தாளில், ஒவ்வொரு பொருளும் தனி வரியாக இருக்கும்படி கேளுங்கள்.