நின்ற பிறகு கேட்கும் மின்விசிறி

இரவு பத்தரைக்குக் கரண்ட் போகிறது. வீடு சட்டென்று அமைதியாகிவிடுகிறது. இவ்வளவு நேரமும் தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. காது நன்றாகத்தான் இருந்தது. ஒலி நொடிக்கு நொடி செவிப்பறையைத் தட்டிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் அது நம் கவனத்துக்கு வரவில்லை.

வீட்டில் நமக்கு நடக்கும் நல்லவற்றில் பெரும்பகுதி இந்த மின்விசிறி மாதிரிதான். எனக்கு இது ஒரு திங்கட்கிழமை காலையில் உறைத்தது. அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, ஒரு வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். ஆறரைக்கு ஃபிரிட்ஜைத் திறந்தேன். மாவுத் தூக்கு இல்லை. ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்துவிடும். அவசரமாக ரவையை வறுக்கும்போது யோசித்தேன். பன்னிரண்டு வருடங்களாக ஞாயிறு மாலை அரைத்த மாவு திங்கள் காலையில் அந்தத் தட்டில் இருந்திருக்கிறது. ஒரு நாளாவது 'மாவு இருக்கிறதே' என்று நான் நினைத்திருக்கிறேனா? ஞாபகமே இல்லை. இல்லாமல் போன ஒரே ஒரு காலையில் மட்டும் அது என் கண்ணில் பட்டது.

இதை மனசின் குறை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இதற்குப் பின்னால் நரம்பு மண்டலத்தின் மிகப் பழைய ஒரு வேலை இருக்கிறது. பழகிப்போதல் என்று அதைச் சொல்லலாம். நரம்பியல் அறிஞர் எரிக் கான்டெல் அதைக் கடல் முயல் என்ற உயிரியிடம் ஆராய்ந்தார். அது நத்தை வகையைச் சேர்ந்தது. அதன் உடலில் தண்ணீரை வெளியேற்றும் குழாயை மெல்லத் தொட்டால் செவுளை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி மறுபடி தொட்டால் இழுப்பு குறைந்துகொண்டே வரும். தொடுதலை உணரும் நரம்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அடுத்த நரம்புக்கு அது கடத்தும் வேதிப்பொருளின் அளவு குறைந்துவிடும். செய்தி வருகிறது, ஆனால் தணிந்த குரலில் வருகிறது. அந்தச் சமயத்தில் வால் பக்கம் ஓர் அதிர்ச்சி கொடுத்தால் பழைய துடிப்பு உடனே திரும்பிவிடும். ஆக, உணர்வு அழிந்துபோவதில்லை, அடங்கித்தான் இருக்கிறது. நரம்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன, எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதைக் காட்டிய ஆய்வுகளுக்காகக் கான்டெலுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணிலும் இதே கதைதான், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளின் நடுவில் அழுத்தமாக ஒரு புள்ளி வையுங்கள். கொஞ்சம் தள்ளி, வெளிர்நிறப் பென்சிலால் ஓரம் தெரியாமல் மங்கலாக ஒரு வட்டம் தீட்டுங்கள். இப்போது கண்ணை அசைக்காமல் புள்ளியை மட்டும் ஒரு இருபது முப்பது நொடி பாருங்கள். வட்டம் மெல்லக் கரைந்து தாளின் வெள்ளையோடு கலந்துவிடும். 1804-இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் இதை எழுதிவைத்தார். பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், வட்டம் திரும்ப வந்துவிடும். சாதாரணமாக நம் கண் நமக்கே தெரியாமல் மிக நுண்ணிய அசைவுகளைச் செய்துகொண்டே இருக்கிறது. பார்ப்பது கரைந்துபோகாமல் நிற்பதற்கு அந்த அசைவு வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

பழகிப்போதல் நமக்குத் தேவையான ஒன்றும்கூட. உடுத்திய துணி தோலில் படுவதையும் குக்கர் ஆவியின் வாசனையையும் தெருவின் இரைச்சலையும் ஒரே அழுத்தத்தோடு எந்நேரமும் உணர்ந்துகொண்டிருந்தால் பிள்ளையைக் கைப்பிடித்துச் சாலையைக் கடக்க முடியாது. மூளை மாற்றத்துக்குக் காது கொடுக்கிறது, மாறாததை ஒதுக்கி வைக்கிறது.

சரி, மின்விசிறி வெறும் ஒலி. அத்தை அரைத்த மாவு எனக்குக் கிடைக்கும் ஒரு நன்மை ஆயிற்றே? அதற்கும் இதே கதியா?

இங்கேதான் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞரின் குரங்குச் சோதனைகள் வருகின்றன. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு சாறு வருமுன் ஒரு அறிகுறி காட்டிப் பழக்கினார்கள். அறிகுறி வந்தால் சாறு நிச்சயம் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு அறிகுறியின் பக்கம் போய்விட்டது. சாறு நாக்கில் விழும் நேரத்தில் அந்த அணுக்கள் எதுவும் நடக்காதது போல் இருந்தன. அதே சாறு, அதே தித்திப்பு. அப்புறம் ஒரு முறை அறிகுறியைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்கவில்லை. அது வரவேண்டிய அந்த நேரத்தில் நரம்பணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997-இல் ஷூல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேக் மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு விளக்கம் கொடுத்தது: இந்த அணுக்கள் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அறிவிக்கின்றன. டோபமைனை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அதைவிடக் கணக்குப்பிள்ளை என்பது பொருத்தமாக இருக்கும்.

இப்போது ஃபிரிட்ஜுக்கு வருவோம். மாவு இருக்கும் திங்கட்கிழமை எதிர்பார்த்தது கிடைத்தது, வித்தியாசம் பூஜ்யம். மாவு இல்லாத திங்கட்கிழமை வித்தியாசம் கழித்தலில் போகிறது. ஒருவர் வருடக்கணக்காகத் தவறாமல் ஒன்றைச் செய்துவந்தால், அவருக்கு இந்தக் கணக்கில் கூட்டல் விழவே விழாது. எப்போதாவது வருகிறவர் வாங்கிவரும் இனிப்புப் பொட்டலத்துக்குக் கூட்டல் விழுகிறது. தினமும் டிபன் பாக்ஸ் கட்டுகிறவருக்கு விழுவதில்லை. இது எனக்கு மிகவும் வலித்த உண்மை. வீட்டில் யாரை முழுசாக நம்பியிருக்கிறோமோ அவர்தான் நம் கண்ணில் முதலில் கரைந்துபோகிறார்.

இதோடு ஞாபகத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற கனடிய உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் 37 தம்பதிகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். காலை உணவு தயாரிப்பது, பாத்திரம் கழுவுவது என்று 20 வேலைகள். ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு? கணவன் மனைவி இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் தொகை முழுசுக்கும் மேலே போனது. தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் சண்டையைத் தொடங்குவது போன்ற கெட்ட விஷயங்களிலும் ஆளுக்கு ஆள் தன் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். நான் செய்த வேலை என் ஞாபகத்தில் ஊறவைத்ததிலிருந்து கழுவிக் கவிழ்த்ததுவரை முழுசாக இருக்கிறது. அடுத்தவர் செய்தது முடிந்த நிலையில்தான் என்னிடம் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். என் கணவர்தான் எழுந்து மோட்டார் போடுகிறார். நான் அப்போது தூக்கத்தில் இருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தொட்டி நிரம்பியிருக்கிறது என்பதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லார் வேலையும் சமமாக மறைகிறது, ஆகவே எல்லாரும் சமம் என்று ஆகிவிடாது. 2019-இல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்களே நாலில் ஒரு பங்குதான். இதற்கு நன்றியுணர்வு மருந்தாகாது. பாத்திரம் கழுவுவதைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய இடத்தில் 'உன்னால்தான் இந்த வீடே ஓடுகிறது' என்ற பாராட்டை மட்டும் வைப்பது தவறு. ஆனால் கவனித்தால்தானே பகிர்ந்துகொள்ளவும் தோன்றும். தெரியாத வேலையில் யார் பங்கு கேட்பார்கள்?

அப்படியானால் கவனத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? 2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு வாரம் ஒருமுறை நன்றியோடு நினைக்கும் ஐந்து விஷயங்கள் வரை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது குழு அந்த வாரம் நடந்தவற்றை வெறுமனே எழுதியது. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நன்றிக் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சற்று நிறைவாக உணர்ந்தார்கள். உடல் உபாதைகளையும் குறைவாகச் சொன்னார்கள். பிறகு பலர் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. மனச்சோர்வு நோயில் இருப்பவருக்கு டைரி போதாது, மருத்துவர் வேண்டும்.

சோன்யா லியூபோமிர்ஸ்கியும் சகாக்களும் 2005-இல் எழுதிய ஒரு முடிவு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஆறு வாரம், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் எழுதுவதே பழகிப்போய்விடுகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று தினமும் அதே மூன்றை எழுதினால் அந்தப் பட்டியலே மின்விசிறி ஆகிவிடும். வேலைக்குப் போய்விட்டு வந்து பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்க்கிறவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. தினமும் உட்கார வேண்டியதில்லை. ஞாயிறு இரவு ஐந்து நிமிடம் போதும், எழுதுவது மட்டும் குறிப்பாக இருக்கட்டும். 'அப்பா நல்லவர்' என்பதைவிட 'புதன்கிழமை மழையில் அப்பா ரெயின்கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வண்டி ஓட்டினார்' என்று என் பெண் எழுதியது கரைவதில்லை.

பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினால் வட்டம் திரும்பி வரும் என்றேனே, மனசுக்கு அந்த அசைவு எது? 2008-இல் மின்கியுங் கூவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. தம் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று சிலரை எழுதச் சொன்னார்கள். சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பு இருந்தது என்று வேறு சிலரை எழுதச் சொன்னார்கள். இரண்டாவது வகையினர்தான் தங்கள் உறவில் அதிக நிறைவைச் சொன்னார்கள். கரண்ட் போவதற்குக் காத்திராமல் மனதுக்குள்ளேயே ஒரு நொடி சுவிட்சை அணைத்துப் பார்ப்பது போன்றது இது. மாடியில் நிற்கும்போது, தொட்டியில் தண்ணீர் இல்லை என்று ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு அன்றைய காலையை ஓட்டிப் பார்த்தேன். நாலரை மணி அலாரத்தை அணைக்கும் கை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பார்த்துவிட்டோம், அதைச் சொல்ல வேண்டாமா? நம் வீடுகளில் இது சங்கடமான இடம். மேடையில் நன்றியுரை உண்டு. சாம்பார் பரிமாறிய அம்மாவிடம் 'நன்றி' என்றால் 'என்னடா, என்கிட்டயே தேங்க்ஸா?' என்று முகம் மாறிவிடும். அன்னியமாக்கிவிட்டது போல் இருக்கும். நாம் மட்டும் இப்படி இல்லை. சைமன் ஃப்ளாய்டும் சகாக்களும் 2018-இல் எட்டு மொழிக்காரர்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, வீட்டிலும் நண்பர்களிடையிலும் உதவி கிடைத்தபின் வாயால் நன்றி சொல்வது எங்குமே அரிதாகத்தான் இருந்தது. செய்வது உறவின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு அழகு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லாமலே இருந்து பார்க்காமலே போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

அதே 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும், தங்களுக்கு உதவியவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லிப் பலரைக் கேட்டார்கள். பெறுகிறவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை எழுதியவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதை மட்டும் கூட்டி நினைத்திருந்தார்கள். சாரா அல்கோவின் 2016 ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. 'எனக்கு வசதியாக இருந்தது' என்பதைவிட, செய்தவரின் அக்கறையையும் திறமையையும் எடுத்துச் சொல்லும் நன்றிதான் கேட்பவரிடம் போய்ச் சேர்கிறது. இதற்கு 'நன்றி' என்ற சொல்கூடத் தேவையில்லை. 'ரசம் இன்னிக்கு உங்க கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கு' என்றால் போதும்.

அத்தை ஊரிலிருந்து திரும்பிய ஞாயிறு மாலை கிரைண்டர் சத்தம் கேட்டது. வழக்கமாக நான் அந்த நேரத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். அன்று போய்ப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க இட்லி மாதிரி மெத்துன்னு வேற எங்கயும் சாப்பிட்டதில்ல அத்தை. உளுந்து எவ்வளவு போடுவீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நாலுக்கு ஒன்றாம். ஆனால் புது உளுந்து என்றால் ஒரு கைப்பிடி குறைக்க வேண்டுமாம், அது நிறையக் காணும். வெயில் நாளில் ஃபிரிட்ஜ் தண்ணீர்தான் தெளிப்பாராம், இல்லாவிட்டால் கல் சூட்டில் உளுந்து பொங்காதாம். மார்கழியில் மாவுத் தூக்கை இரவு அடுப்புப் பக்கத்தில் துண்டு சுற்றி வைப்பாராம். அது அங்கே இருந்ததை நான் எத்தனையோ மார்கழி பார்த்திருக்கிறேன்.

கிரைண்டரை நிறுத்தினார். ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு துளி மாவு எடுத்து இதுல விடு. மிதந்தா பதம்."

விட்டேன். மிதந்தது.