கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு திசை

பேச்சை நம்பி நடக்கும் கூட்டங்கள் எல்லாமே காதுக்குத் திசை தேவையில்லை என்ற ஒரு வசதியின் மேல் அமைந்தவை. தலையைக் குனிந்து அறிக்கையைப் படித்தபடியே பேச்சாளரைக் கேட்கலாம். பின்வரிசையில் ஒருவர் குறுக்கிட்டால் திரும்பாமலேயே குரலை வைத்து ஆளை அறியலாம். கண்ணால் இது இயலாது. விழித்திரையின் மையக்குழி ஒரு நேரத்தில் கூர்மையாகக் காட்டும் பரப்பு, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்தைவிடப் பெரிதாக இராது.

காது கேளாத ஒருவர் தம் சங்கத்தின் பொதுக்குழுவில் சைகை மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் வரவு செலவுக் கணக்கு விரிகிறது. பொருளாளர் நிறுத்தாமல் விளக்கிக்கொண்டே போகிறார். எண்களைப் பார்த்தால் விளக்கம் போய்விடும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தால் எண்கள் போய்விடும். மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியதோடு கடமை முடிந்தது என்று அமைப்பாளர்கள் நிறைவடையும் இடத்தில்தான் இந்த இழப்பு நேர்கிறது. கணக்கைக் காட்டிவிட்டுப் பொருளாளர் சில விநாடிகள் பேசாதிருந்தால் காது கேளாதவர் இரண்டையும் பெறுவார்.

சைகை மொழியின் அமைப்பைச் சற்று அறிந்தால், அரங்கின் விளக்கும் இருக்கையும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழியியலாளர் அமெரிக்கச் சைகை மொழியைப் பகுத்தாய்ந்து, பேச்சுச் சொற்கள் ஒலிகளால் ஆவது போலவே ஒவ்வொரு சைகையும் கைவடிவம், இடம், அசைவு ஆகிய சிறு கூறுகளால் ஆனது என்று காட்டினார். முகமும் இலக்கணத்தின் பகுதியே. பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்துவதே ஒரு கூற்றை ஆம்-இல்லை வினாவாக மாற்றிவிடும். சைகை மொழியில் தேர்ந்தவர்கள் எதிரிலிருப்பவரின் முகத்தில் பார்வையை நிறுத்தி, கைகளின் அசைவை ஓரப்பார்வையால் உள்வாங்குகிறார்கள். ஆகவே, மொழிபெயர்ப்பாளரை வெயில் பாயும் சன்னலுக்கு முன் நிறுத்தினால், முகம் இருண்டு, வினா எது, விடை எது என்பதே மங்கிப்போகும்.

அடுத்தது காலம். மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் மாற்றுவதில்லை. கருத்து உருப்பெறும்வரை காத்திருந்து, அதை இன்னொரு இலக்கணத்தில் கட்டுகிறார். சைகை மொழிபெயர்ப்பை ஆராய்ந்த டென்னிஸ் கோக்லி 1986இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சாளரைச் சுமார் 2 விநாடி இடைவெளியில் பின்தொடர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள், 4 விநாடி காத்திருந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் தவறு செய்தனர். தாமதம்தான் துல்லியத்தைத் தருகிறது என்பதால் அதைக் குறைக்கச் சொல்லி அவரை நெருக்குவதில் பயனில்லை. கூட்டம்தான் அதற்கேற்ப நடக்க வேண்டும். “வேறு கேள்வி உண்டா?” என்று கேட்ட தலைவர் உடனே அடுத்த பொருளுக்குத் தாவினால், காது கேளாதவர் கையை உயர்த்தும்போது வாய்ப்பு முடிந்திருக்கும். இந்த மூளையுழைப்பு விரைவில் சோர்வைத் தருவதால், நீண்ட கூட்டங்களில் இருவர் அமர்ந்து 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். ஆட்பெயர்களும் சுருக்கக் குறியீடுகளும் அடங்கிய தாள்களை அவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள், கண்ணாடி முன் நின்று ஒலி எழுப்பாமல் ‘பணம்’, ‘மணம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். இரண்டுக்கும் உதடுகள் ஒரே விதமாகத்தான் மூடித் திறக்கும். ‘க’ போன்ற ஒலிகளோ வாயின் உட்புறத்தில் பிறந்து வெளியே தெரிவதேயில்லை. பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் உடனடி எழுத்துரை இதைவிட உறுதியானது. ஒரே அழுத்தத்தில் பல விசைகளைச் சேர்த்துத் தட்டும் சுருக்கெழுத்துப் பொறியால், பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்கு 200 சொற்களுக்கு மேல் பதிவுசெய்வார். பிற்காலத்தில் கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு இது பெருந்துணை. ஆனால் சைகையைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து இரண்டாம் மொழி என்பதால், ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை நிறுத்திவிடக் கூடாது.

2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமை உடன்படிக்கை, சைகை மொழிகளையும் மொழிகள் என்றே வரையறுக்கிறது; அதன் 29ஆம் பிரிவு பொதுவாழ்விலும் அரசியலிலும் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. நடைமுறையில் அந்த உரிமை மிகச் சிறிய இடங்களில் நழுவுகிறது. குரல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் ஓங்கியது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. பேரிடர் அறிவிப்பின்போது மொழிபெயர்ப்பாளர் அருகிலேயே நின்றாலும், ஒளிப்பதிவாளர் பேசுபவரின் முகத்தை மட்டும் நெருங்கிக் காட்டினால் வீட்டிலிருப்பவருக்கு எச்சரிக்கை சென்று சேராது. எனக்கு மிகவும் கவலை தருவது இடைவேளைதான். மொழிபெயர்ப்பாளரும் ஓய்வெடுக்கும் அந்தப் பதினைந்து நிமிடங்களில், தாழ்வாரத்தில் கூடி நின்று பேசியே பல முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன.

காது கேளாதவரே தலைவராக இருந்து சைகையில் நடத்தும் கூட்டங்களும் உண்டு. அங்கே இருக்கைகள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி வளைவாகப் போடப்படுகின்றன. பேச விரும்புபவர் கையை உயர்த்தி, எல்லோருடைய கண்களும் தம்மீது படும்வரை காத்திருந்து தொடங்குகிறார். மொழிபெயர்ப்பாளர் சைகையைக் குரலாக்க, அந்தச் சில விநாடித் தாமதம் அப்போது கேட்கும் திறனுடையவர்களின் பக்கம் வந்துவிடுகிறது.