200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய அணு உலை

1972-ல் பிரான்சின் பியர்லாட் யுரேனிய ஆலையில் கணக்கு உதைத்தது. பூமியில் எங்கே தோண்டினாலும் யுரேனியத்தில் 235 என்ற ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் எடை வேறுபடும் அணு வகை) 0.720 சதவீதம் இருக்கும்; மீதி ஏறக்குறைய முழுவதும் 238. நிலவுக் கல்லிலும் அதே அளவுதான். அங்கு வந்த ஒரு சரக்கில் மட்டும் 0.717. வித்தியாசம் துளிதான். ஆனால் அணுகுண்டுக்கும் உதவும் பொருளாயிற்றே, சும்மா விட முடியுமா? தேடிப் போனார்கள். ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டின் ஒக்லோ சுரங்கத்தில் போய் நின்றது தடம். கணக்கில் குறைந்த அந்த 235 மண்ணுக்குள்ளேயே பிளந்து தீர்ந்திருந்தது!

எப்படி? மெதுவாக வரும் ஒரு நியூட்ரானை விழுங்கினால் யுரேனியம்-235 இரண்டாகப் பிளக்கும். கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கும். அவற்றில் ஒன்றாவது இன்னொரு 235-ஐப் பிளந்தால்தான் சங்கிலி அறாது. சிக்கல் என்னவென்றால், பிறக்கும்போது அவற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர். அந்த வேகம் குறைய வேண்டும். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் கருவும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடை; சில மோதல்களிலேயே வேகம் வடிந்துவிடும்.

இன்றைய தாதுவைத் தண்ணீரில் போட்டால் ஒன்றும் நடக்காது. 235 போதாது, ஹைட்ரஜனும் 238-ம் நியூட்ரான்களை விழுங்கிவிடும். அதனால்தான் சாதாரண நீரில் ஓடும் உலைகளுக்கு 235-ஐ 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டுகிறார்கள். ஆனால் 235-ன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 70 கோடி ஆண்டு, 238-க்கோ சுமார் 450 கோடி. காலத்தில் பின்னே போகப் போக 235-ன் பங்கு கூடும். 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அது 3 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. யாரும் செறிவூட்டத் தேவையில்லை. இப்படி நடந்திருக்கலாம் என்று வேதியியலாளர் பால் குரோடா 1956-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார் என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

ஒக்லோ ஏன் வெடிக்கவில்லை? நிலத்தடி நீர்தான் காரணம். சூடு ஏறினால் நீர் ஆவியாகிப் போய்விடும், நியூட்ரான்களின் வேகம் குறையாது, பிளவு நின்றுவிடும். பாறை ஆறியதும் நீர் மறுபடி கசிந்து வரும், சங்கிலி மறுபடி தொடங்கும். பிளவில் உண்டாகித் தாதுவில் சிக்கிய செனான் வாயுவை இயற்பியலாளர் அலெக்ஸ் மெஷிக்கின் குழு ஆராய்ந்து, 2004-ல் அந்தத் தாளத்தையே கண்டுபிடித்தது: அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு. இப்படியே பல்லாயிரம் ஆண்டுகள் ஓடியிருக்கிறது.

அணுக்கழிவைப் புதைப்பது பற்றி யோசிப்பவர்கள் இன்றும் ஒக்லோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அங்கே உண்டான புளூட்டோனியம், உண்டான இடத்தை விட்டு அதிகம் நகரவே இல்லை.